கடைசித் துண்டும் ஏழாம் நம்பர் வண்டியும்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் 'வேண்டாம்' என்றால், அவரை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால், "ஐயோ, அதெல்லாம் எதுக்கு" என்பார்கள். மறுபடி கேட்டால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். மூன்றாவது முறை கேட்டால்தான், "சரி, போட்டது மீந்துபோச்சுன்னா ஒரு வாய் குடிக்கிறேன்" என்று இரண்டு கோப்பை குடிப்பார்கள். அமெரிக்காவில் எங்கள் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில் காபி கிடைக்காமல் யாராவது செத்திருந்தால், உபசரித்தவர் வெளியூர்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மண்ணில் பிறந்த நான் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆனேன். மென்பொருள் கம்பெனியில் அந்த வேலைக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். வேலைக்கு ஒரு எல்லை போட்டு, அதைத் தாண்டி யார் என்ன கேட்டாலும் 'முடியாது' என்று சொல்லத் தெரிய வேண்டும். தண்ணீரைக் கண்டால் மயங்கி விழுகிறவனை மீன்பிடிக்க அனுப்பிய கதை என்னுடையது. இதற்கு முன்னால் ஒரு நூலகத்துக்குப் புத்தகம் தேடும் திரை செய்து தரப் போனேன். முடிந்து வெளியே வந்தபோது அதில் நாய்க்கு லைசென்ஸ் வாங்கும் வசதியும் இருந்தது. அதை யார் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

என் மேலதிகாரி ரெனாட்டா ஃபுஸ்கோ நியூஜெர்சியிலிருந்து வந்தவர். மற்றவர்கள் தும்முவது போல அவர் 'முடியாது' சொல்வார். யோசிக்க மாட்டார், சொன்னதும் முகம் தெளிந்துவிடும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"லீலண்ட், ஒரு மாவட்டச் சாலைத் துறை வேலை வந்திருக்கு. ஒரு மேப்பு. அதுல எட்டுப் புள்ளி. பனி தள்ற லாரி எட்டும் எங்க இருக்குன்னு காட்டணும். அவ்வளவுதான். முதல் பனிக்குள்ள முடியணும்."

"முடிச்சிடலாம்."

"இரு. இது உனக்குக் கடைசி வாய்ப்பு. எட்டுப் புள்ளிக்கு மேல ஒரு கொசு அந்த மேப்புல பறந்தாலும் நீ மேனேஜர் இல்ல. டெஸ்டிங் பசங்களோட போய் உக்காந்துக்கலாம்."

"அது நியாயம்தான்" என்றேன். என்னைத் திட்டுகிறவர்களோடு ஒத்துப்போவது என் இன்னொரு திறமை.

சாலைத் துறை மேற்பார்வையாளர் டேரல் சன்ட்பி தங்கமான மனிதர். ஆனால் அவரிடமிருந்து ஒரு தேவையைக் கறப்பது காளையைக் கறப்பது போலத்தான்.

"வண்டி எங்க இருக்குன்னு தெரிஞ்சா உங்களுக்குப் போதுமா?" என்று கேட்டேன்.

"போதும்னுதான் நெனைக்கிறேன்."

"வேற ஏதாவது வேணுமா?"

"நீங்க குடுக்கிறத வெச்சுச் சமாளிச்சுக்குவோம்."

"மாதிரி கொண்டாந்திருக்கேன், பாருங்க. எப்படி இருக்கு?"

வெகுநேரம் பார்த்தார். "மோசமில்ல" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. டேரலைக் கட்டிக்கொள்ள அவர் மனைவி சம்மதித்தபோதும் அவர் அதைத்தான் சொன்னாராம். அந்த அம்மாள் அழுதுவிட்டாராம்.

அடுத்த அறை வயர்லெஸ் அறை. அங்கே ஆர்டிஸ் கிட்டல்சன் உட்கார்ந்திருந்தார். பனிக்காலம் முழுக்க எட்டு ஓட்டுநர்களோடும் பேசிக்கொண்டிருப்பது அவர் வேலை. அந்த எட்டுப் பேரில் ஏழாம் நம்பர் வண்டி ஓட்டுகிற மைலோ அவருடைய தம்பி. ஏழாம் நம்பர் போகிற ஏரிச் சாலை ஒரு மலைமுகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வயர்லெஸ்ஸும் எடுக்காது, செல்போனும் எடுக்காது. மைலோ முகட்டைத் தாண்டிவிட்டால், திரும்பி வரும்வரை ஆர்டிஸ் ஸ்வெட்டர் பின்னுவார். மைலோ வீட்டில் பீரோ நிறைய ஸ்வெட்டர்.

"இந்த மேப்பு முகட்டுக்குப் பின்னாலயும் காட்டுமா, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"காட்டும்மா. லாரியில வெக்கிற கருவி நேரா சாட்டிலைட்டோட பேசும்."

"மைலோ பேச முடியாது, லாரி பேசுமாக்கும். நல்லதுதான். ரெண்டு பேருல லாரிக்குத்தான் விவரம் ஜாஸ்தி."

பின்னலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "ஒரு வண்டி நகராம ஒரே எடத்துல ரொம்ப நேரம் நின்னா, சின்னதா ஒரு மணி அடிச்சா... நான் போனும் பாக்கணும், எட்டுப் புள்ளியையும் கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு இருக்க முடியாது பாரு... ஐயோ, விடு. அதெல்லாம் வேண்டாம். சும்மா வாயில வந்துச்சு."

அது முதல் வேண்டாம். முறைப்படி நான் இன்னும் இரண்டு முறை கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன். ரெனாட்டாவின் கொசு காதருகே பறந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆர்டிஸ் ஒரு கணம் காத்திருந்துவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னத் தொடங்கினார்.

அன்றிலிருந்து அந்த மணி என் மண்டைக்குள் அடிக்கத் தொடங்கியது. மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தேவையான ஒன்றுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்ட மேதாவி நான்.

மற்றவை எப்படி உள்ளே வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தவர் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் ட்ராவிஸ் பாய்கின். அவர் டெக்சாஸில் பிறந்தவர். எங்கள் ஊரில் பெண் எடுத்துப் பல வருஷமாகியும் நேராகக் கேட்கும் கெட்ட பழக்கம் முழுக்கப் போகவில்லை.

"ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிற மானெல்லாம் எனக்கு அந்த மேப்புல வேணும்" என்றார்.

சுற்றிவளைத்துக் கேட்டிருந்தால் சுற்றிவளைத்துத் தப்பியிருப்பேன். இப்படி நெற்றிக்கு நேரே கேட்டால் எனக்குக் கழுத்து தானாக ஆடிவிடும். ஆடியது.

மாவட்டக் குழு உறுப்பினர் பெவ் டோர்வினன் வேறு வழியில் வந்தார். "நான் ஒண்ணும் கேக்கல, லீலண்ட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க லாரிங்களுக்கு ஆசையாப் பேரு வெச்சிருக்காங்க. வெறும் புள்ளியைப் பாத்தா அதுங்க மனசு என்ன பாடுபடும்னு சும்மா நெனைச்சுப் பாத்தேன்." நானும் நினைத்துப் பார்த்தேன். பாடுபடும் போலத்தான் இருந்தது. அடுத்த வாரம் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் எட்டு லாரிகளுக்கும் படமும் பெயரும் சேர்ந்தன. மைலோவின் லாரிக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மூக்கொழுகி.

பள்ளிகளின் தலைவர் லிண்டால் வந்தார். பனியால் பஸ் தாமதமாகிற நாளில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு என்ன என்பதும் அந்த மேப்பிலேயே தெரிந்தால் தாய்மாருக்கு ஒரு நிம்மதி என்றார். தாய்மாரின் நிம்மதிக்கு எதிராக யார் பேச முடியும்?

இதையெல்லாம் கட்ட வேண்டியவள் மாய் ஷியோங். லாவோஸிலிருந்து வந்து செயின்ட் பால் நகரத்தில் குடியேறிய ஹ்மோங் குடும்பத்துப் பெண். எங்கள் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர்களில் கெட்டிக்காரி. வாய் அதைவிட.

"பனி தள்ற வண்டிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம், லீலண்ட்?"

"பசிதான்."

"இதுக்கெல்லாம் யாரு தலையாட்டினது?"

"ஆட்டல. கழுத்துச் சுளுக்கு."

"டாக்டரைப் பாருங்க. இல்லன்னா நாம ரெண்டு பேரும் டெஸ்டிங்லதான் உக்காரணும்." அவள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். வரப்போகிற குளிருக்குப் பயந்து வாத்துகள் தெற்கே கிளம்பிக்கொண்டிருந்தன. "இந்த மானு, சாப்பாடு, மூக்கொழுகி ஒண்ணும் நான் இன்னும் தொடல. தொடவும் நேரம் இல்ல. பனிக்கு முன்னாடி எட்டுப் புள்ளியும், மேல ஒரே ஒரு சின்ன விஷயமும் செய்யலாம். ஒண்ணு. அந்த ஒண்ணு எதுன்னு நீங்க சொல்லுங்க. மத்தவங்ககிட்ட முடியாதுன்னும் நீங்களே சொல்லுங்க."

எல்லோரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து முடியாது என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தேன். காரில் போகும்போது ஸ்டியரிங்கைப் பார்த்து, "முடியாது, முடியாது" என்று சொல்லிப் பழகினேன். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை இறக்கி, "மன்னிக்கணும், உங்களைச் சொல்லல" என்றேன்.

கூட்டத்துக்கு ஆர்டிஸ் எலுமிச்சை பார் செய்து கொண்டுவந்திருந்தார். அகலத் தட்டில் சுட்டுச் சதுரமாக வெட்டுகிற இனிப்பு அது. அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் கூட்டமும் இல்லை, சாவும் இல்லை. ஷெரிஃப், பெவ், லிண்டால், டேரல் நால்வரும் தின்றுகொண்டே மேப்பைப் புகழ்ந்தார்கள். அதில் இன்னும் இல்லாதவற்றைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். நான் மூன்று முறை தொண்டையைக் கனைத்தேன். மூன்று முறையும் யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது.

பெவ் அதைப் பார்த்தார். கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொண்டார். லிண்டால் மிச்சத்தைப் பாதியாக்கினார். டேரல் அந்தப் பாதியையும் பாதியாக்கினார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு தட்டில் நின்றது. அதை யாரும் தொடவில்லை. தொடவும் மாட்டார்கள். கடைசித் துண்டை எடுத்தவன் என்று பெயர் வாங்குவதைவிட இந்த ஊரில் திருட்டு வழக்கில் உள்ளே போவது மேல். திருட்டை மறந்துவிடுவார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐம்பது வயது வரை தட்டில் கிடந்த ஞானத்தை வெட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன். "நல்ல சேதி. பனிக்கு முன்னாடி எட்டுப் புள்ளிக்கு மேல இன்னும் ஒண்ணு சேக்க எடம் இருக்குன்னு மாய் சொல்றா. ஒண்ணே ஒண்ணு. கடைசி ஒண்ணு. யாரு எடுத்துக்கிறீங்க?"

நான்கு பேரும் தட்டில் இருந்த துணுக்கைப் பார்த்தார்கள்.

"லிண்டால் எடுத்துக்கட்டும். பிள்ளைங்க சமாச்சாரம்" என்றார் பெவ்.

"சேச்சே, சாப்பாட்டை நாங்க போன்ல சொல்லிக்குவோம். பெவ், உங்க பேருங்க அழகா இருக்கு. நீங்களே எடுத்துக்கங்க."

"எனக்கெதுக்கு? பேரு லாரிமேலயே பெயின்ட்ல எழுதியிருக்கே. டேரலுக்கு வேணுமோ என்னமோ."

"நான் இருக்கிறத வெச்சுச் சமாளிச்சுக்குவேன்" என்றார் டேரல்.

ஷெரிஃப் முன்னால் சாய்ந்தார். "யாருக்கும் வேண்டாம்னா, அப்ப நான்..."

டெக்சாஸ் ரத்தம். ரெனாட்டாவுக்குத் தெரியாமல் நான் ஏலம் விட்ட இடம் அது. அவர் எடுத்துக்கொண்டால் செத்த மான்களோடு நானும் அந்த மேப்பில் ஒரு புள்ளி. பெவ் மெதுவாகத் திரும்பி ஷெரிஃபைப் பார்த்தார். லிண்டால் பார்த்தார். டேரல் தன் பூட்ஸைப் பார்த்தார். அதுதான் அவருடைய கடுமையான பார்வை. ஷெரிஃபின் முகத்தில் அவர் மாமியார் வீட்டில் கழித்த வருஷங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின.

"...நான் யோசிச்சுப் பாத்தேன், செத்த மான் எங்கயும் ஓடிடாது" என்று முடித்தார்.

கூட்டம் கலைந்தது. போகும்போது ஒவ்வொருவரும் அந்த ஒன்றை மற்றவருக்குக் கொடுத்துவிட்ட பெருமையோடு போனார்கள். ரெனாட்டாவுக்குப் போன் செய்தேன்.

"எட்டுப் புள்ளி. அவ்வளவுதான்" என்றேன்.

"பேரு, மானுன்னு என்னென்னமோ காதுல விழுந்துச்சே, அதெல்லாம்? நீயா முடியாதுன்னு சொன்ன?"

"அவங்களே வேண்டாம்னுட்டாங்க."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"பார் சாப்பிட்டோம்."

மாயின் ஒற்றை இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. ஆர்டிஸ் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த மணி சொன்னீங்களேம்மா. அதைப் போட்டுடலாம். எடம் இருக்கு."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு. ஏதோ சொன்னேன்."

"மைலோ முகட்டுக்கு அந்தப் பக்கம் போறப்ப உபயோகமா இருக்கும்."

"உனக்கு எதுக்குத் தம்பி சிரமம்."

"சிரமமே இல்ல. மாய் ரெண்டு நாள்ல முடிச்சுடுவா. போடட்டுமா?"

மூன்று முறை. சாஸ்திரப்படி சரியாகக் கேட்டுவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"வேண்டாம். ஷெரிஃபே விட்டுக்குடுத்துட்டுப் போயிருக்காரு. பிள்ளைங்க பேரைக்கூட விட்டுட்டாங்க. அந்தக் கடைசி ஒண்ண என் தம்பிக்குன்னு நான் எடுத்துக்கிட்டா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காருவேன்?"

நான் விரித்த வலையில் அவரும் மாட்டிக்கொண்டார். மான், சாப்பாடு, மூக்கொழுகி எல்லாவற்றையும் துரத்திவிட்ட அதே சாமர்த்தியம், உண்மையிலேயே தேவையான ஒன்றையும் சேர்த்துத் துரத்திவிட்டது. பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். தட்டில் இருந்த துணுக்கை மட்டும் அலுமினியத் தாளில் சுற்றி என் கோட்டுப் பையில் வைத்திருந்தார். அது எனக்குக் கார் ஓட்டும்போதுதான் தெரிந்தது.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கு வழியும் புலப்பட்டது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் நமக்குத் தெரியாமல் நம் பையில் யாராவது வைத்துவிட்டால் அது குற்றம் ஆகாது.

மாயிடம் போனேன். "கூடுதலா ஒண்ணு சேத்தா ரெனாட்டா கொன்னுடுவாங்க. ஆனா நாம செஞ்சதுல கோளாறு இருந்தா?"

"கோளாறுன்னா சரிபண்ணித்தானே ஆகணும். அது எல்லைக்குள்ளதான் வரும். ஆனா என் வேலையில கோளாறு கிடையாது."

"ஒரு புள்ளி ரொம்ப நேரம் நகரலன்னு வெச்சுக்க. லாரி நின்னுடுச்சா, இல்ல நம்ம மேப்பு உறைஞ்சுபோச்சான்னு பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் திரையில் இருந்த மேப்பை உற்றுப் பார்த்தாள். "தெரியாது" என்றாள் கடைசியில். "ச்சே. நிஜமாவே கோளாறுதான். இத நான் யோசிச்சிருக்கணும்." பிறகு சந்தேகமாகப் பார்த்தாள். "ஆனா கோளாறுன்னு வாடிக்கையாளர் எழுதித் தரணும். யாரு எழுதுவா?"

டேரல்தான் எழுத வேண்டும். பிறந்ததிலிருந்து எதையும் குறை சொல்லாத டேரல்.

அவர் மேஜை முன் உட்கார்ந்து நானும் அவரும் ஒரு மதியம் முழுவதும் போராடினோம். அவர் எழுதிய முதல் மின்னஞ்சலைப் படித்துக் காட்டினார். "ரெனாட்டா அம்மையாருக்கு, நீங்களும் குடும்பமும் நலம்தானே. மேப்பு நல்லா இருக்கு. புள்ளி சில நேரம் நின்னா லாரி நின்னுச்சா மேப்பு நின்னுச்சான்னு தெரியல. பரவாயில்ல, நாங்களும் சில நேரம் அப்படித்தான்."

"டேரல், இது புகார் இல்ல. கிறிஸ்துமஸ் வாழ்த்து."

"அந்தப் பொண்ணு மாய் ராவும் பகலும் உழைச்சிருக்கு. நான் போய் எப்படி..."

"மாய்தான் எழுதச் சொன்னா."

"நீ என்னைக்காவது யாரையாவது குறை சொல்லியிருக்கியா?"

"இல்ல. அதனாலதான் உங்களை எழுதச் சொல்றேன்."

கடைசியில் 'பரவாயில்ல'யை எடுத்துவிட்டு, "மணி எதுவும் அடிக்காதது வித்தியாசமாக இருக்கிறது" என்று எழுதினார். அனுப்பியதும் முகம் வெளுத்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் 'வித்தியாசமா இருக்கு' என்பது கெட்ட வார்த்தைக்கு ஒரு படி மேலே.

ரெனாட்டா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "வித்தியாசமா இருக்குன்னு எழுதியிருக்காரு. நல்லதுதானே?"

"ரெனாட்டா, இந்த ஊர்ல ஒருத்தர் அப்படி எழுதிட்டா, அடுத்த கடிதம் வக்கீல்கிட்டேர்ந்துதான் வரும்."

"லீலண்ட், என்னைப் பாத்துச் சொல்லு. இது கோளாறா, கூடுதலா?"

"கோளாறு."

"பொய் சொல்றப்ப உனக்குக் காது செவக்குது."

"குளிர்."

அவர் என் காதை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தும்முகிற மாதிரி, "சரி, பண்ணு" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் பழகாத பல்செட் போல இருந்தது.

மணி சேர்ந்த மறுவாரம் முதல் பனி விழுந்தது. காலையில் தூவியது, மதியத்துக்குள் எதிர்வீட்டை மறைத்துவிட்டது. மாயும் நானும் வயர்லெஸ் அறையில் ஆர்டிஸுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தோம். திரையில் எட்டுப் புள்ளிகளும் எறும்பு போல ஊர்ந்தன. ஏழாவது புள்ளி முகட்டைத் தாண்டியது. ஆர்டிஸ் ஊசியை எடுத்தார். போன்கள் விடாமல் அடித்தன. என் தெருவுக்கு எப்போது வண்டி வரும் என்று ஊரே ஒவ்வொருவராக, நாங்கள் கேட்கவில்லை சும்மா விசாரிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மணி அடித்தது.

"நல்லா அடிக்குது" என்றார் ஆர்டிஸ் மரியாதையாக. பிறகுதான் எந்தப் புள்ளி என்று பார்த்தார்.

"மேப்பு உறையல. லாரிதான் நிக்குது" என்றாள் மாய், விசைப்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு. "நின்னு நேரமாச்சு."

ஆர்டிஸ் ஊசிகளை மேஜையில் வைத்தார். டேரல் கதவருகே வந்து நின்றார், மாற்றுச் சாவிக்கொத்தை எடுத்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய பிக்கப் லாரியில் ஏறினோம். முகட்டைத் தாண்டும்வரை அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "காத்து கொஞ்சம் இருக்கு." கண்ணுக்கு முன்னால் சாலையே இல்லை.

ஏரிக்கரையில் ஏழாம் நம்பர் லாரி விளக்கு எரிய, இஞ்சின் ஓட நின்றிருந்தது. இஞ்சின் மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மைலோ நின்றிருந்தார். கோட்டு இல்லை. தாடி உறைந்து கண்ணாடியாகியிருந்தது. ஒண்ணுக்குப் போக இறங்கியிருக்கிறார். காற்று கதவை அறைந்து சாத்தியிருக்கிறது. பூட்டு விழுந்துவிட்டது. சாவியும் கோட்டும் உள்ளே.

டேரல் கண்ணாடியை இறக்கினார். "எப்படி இருக்க, மைலோ?"

"மோசமில்ல" என்றார் மைலோ. உதடு ஒத்துழைக்காததால் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. "இதவிடக் குளிரா இருந்திருக்கலாம்."

"ஏறு. சூடு போட்டிருக்கு."

"இல்ல, நீங்க ஏதோ வேலையாப் போறாப்ல இருக்கு."

"உன்னத் தேடித்தான் வந்தோம். ஏறு."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

டேரல் பெருமூச்சு விட்டார். ஆனாலும் முறை முறைதான். "மைலோ, காபி மீந்துபோச்சு. ஏறிக்கிறியா?"

"அப்படின்னா ஒரு வாய்" என்று மைலோ ஏறிக்கொண்டார். கோப்பையைப் பிடிக்க அவரால் முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். அவர் போட்டிருந்த ஸ்வெட்டர் முழங்கை வரை பனிக்கட்டியாக இருந்தது. அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது. அதற்குள் இன்னொன்று.

டேரல் மாற்றுச் சாவியால் லாரியைத் திறந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தார். மைலோவை வைத்துக்கொண்டு பிக்கப்பை நான் ஓட்டினேன். முகட்டுக்குப் பின்னாலிருந்து சேதி சொல்ல வழியில்லை. ஆனால் ஏழாவது புள்ளி நகர்ந்ததும் மணி நின்றுபோனது என்றும், ஆர்டிஸ் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு காலண்டரை வெகுநேரம் படித்தார் என்றும் மாய் பிற்பாடு சொன்னாள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஆர்டிஸ் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்வெட்டர் எப்படி இருந்துச்சு?"

"மோசமில்ல."

"ம்" என்றார் ஆர்டிஸ். பின்னலை எடுத்துப் பார்த்தார். கண்ணிகள் நழுவியிருந்தன. முதலிலிருந்து பிரிக்கத் தொடங்கினார். பிரித்துக்கொண்டே என்னிடம், "அந்த மணி..." என்றார். நான் காத்திருந்தேன். "அதுவும் மோசமில்ல" என்றார். அதற்கு மேல் எனக்கு வேறு சம்பள உயர்வு தேவைப்படவில்லை. ரெனாட்டாவும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரமே மைலோ என்னைத் தேடி வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கல, லீலண்ட். மத்த டிரைவருங்க சொல்றாங்க. மனுசன் ஒண்ணுக்குப் போனாக்கூட மணி அடிச்சு அக்கா ஆளனுப்புது. நேத்து எனக்கு ரெண்டு தடவை பிக்கப் வந்துச்சு. ஒரு தடவை ஆம்புலன்ஸ். 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு அமுக்க லாரியில ஒரு பொத்தான் இருந்தா எப்படி இருக்கும்னு... சும்மா நெனைச்சாங்களாம்."

மாய் தன் திரையிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ரெனாட்டா இருந்தார், கொசு இருந்தது, டெஸ்டிங் பசங்களின் அறையில் காலியாக ஒரு நாற்காலியும் இருந்தது.

நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். ஸ்டியரிங்கிடம் பழகியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, தெளிவாக, நடுக்கமில்லாமல் சொன்னேன்.

"முடியாது, மைலோ."

மாய் கை தட்டப் போனாள். மைலோ என்னைக் கனிவோடு பார்த்துச் சிரித்தார். தொப்பியை ஆணியில் மாட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னும் இரண்டு முறை கேட்பதற்காக வசதியாக உட்கார்ந்துகொண்டார்.